செக்கில் நல்லெண்ணெய் ஆட்டுதல்: எள் வாங்குவதிலிருந்து மண்டி பிரிப்பது வரை

10 கிலோ எள் போட்டால் 4 முதல் 4.5 லிட்டர் எண்ணெய் இறங்க வேண்டும். அந்த எண்ணெய் ஆறு மாதமாவது சிக்கு வாடை அடிக்காமல் இருக்க வேண்டும். செக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க இந்த இரண்டும் போதும். இரண்டிலும் கோளாறு செய்வது பெரும்பாலும் தண்ணீர்தான். செக்கில் தண்ணீர் தெளிக்காமல் எள் எண்ணெய் விடாது. தெளித்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் நிற்காது. எப்போது விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும், பிறகு எப்படி எடுக்க வேண்டும் என்பதில்தான் செக்கு வேலையின் முக்கால் பங்கு இருக்கிறது.

எள்ளுக்குள் இருப்பது என்ன

நல்ல எள்ளில் 45 முதல் 55 சதவீதம் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் ஒலீயிக், லினோலீயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களும் ஏறக்குறைய சரிசமம், தலா 40 சதவீதத்தை ஒட்டி. லினோலீயிக் அமிலம் இவ்வளவு இருக்கும் எண்ணெய் சீக்கிரம் காறிப்போயிருக்க வேண்டும். நல்லெண்ணெய் அப்படிப் போவதில்லை. செசமின், செசமோலின் என்ற இரண்டு லிக்னான்களும் (தாவரங்களில் உள்ள ஒருவகை இயற்கைப் பொருள்கள்), வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த காமா டோகோஃபெராலும் அதற்குக் காவல். லிக்னான்கள் இரண்டும் சேர்ந்து எண்ணெயின் எடையில் சுமார் அரை சதவீதத்திலிருந்து 1 சதவீதம் வரை வரும். டோகோஃபெரால் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம்.

எண்ணெயைக் காய்ச்சும்போது செசமோலினில் ஒரு பகுதி உடைந்து செசமோலாக மாறுகிறது. ஆக்ஸிஜனைத் தடுத்து நிறுத்துவதில் இந்த மூன்றிலும் செசமோல்தான் கெட்டிக்காரன். ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவிட்டு ஊற்றும் பழக்கத்துக்கு இதுவும் பக்கபலம்.

இந்த ஆன்டிஆக்ஸிடன்டுகள் எல்லாம் எண்ணெயில் கரைபவை. எண்ணெய் இறங்கினால் கூடவே இறங்கிவிடும். தனியாகப் பிரித்தெடுக்க எந்த வித்தையும் வேண்டாம், உள்ளதைத் தொலைக்காமல் இருந்தால் போதும். பெரிய ஆலைச் சுத்திகரிப்பில் தொலைவது எப்படி என்றால், அமிலம் ஏற்றிய களிமண்ணால் நிறம் நீக்கும்போது செசமோலின் சிதைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. அடுத்து 200 டிகிரிக்கு மேல் ஆவி விட்டு வாடை நீக்கும்போது செசமோல் ஆவியோடு போய்விடுகிறது, டோகோஃபெராலிலும் ஒரு பங்கு குறைகிறது. செக்கில் இந்த இரண்டு வேலையும் கிடையாது. செக்கு எண்ணெயின் உண்மையான மேன்மை அவ்வளவுதான், அதற்கு மேல் மந்திரம் ஒன்றுமில்லை.

கறுப்பு எள்ளில்தான் சத்து அதிகம், அதனால் அதன் எண்ணெய்தான் உசத்தி என்று கூடுதல் விலை சொல்வார்கள். கறுப்பு நிறம் தோலில் இருக்கிறது. தோலின் நிறமிகள் பெரும்பாலும் எண்ணெயில் இறங்காமல் பிண்ணாக்கோடு நின்றுவிடும். லிக்னான் அளவு ரகத்துக்கு ரகம், விளைந்த பட்டத்துக்குப் பட்டம் மாறும். நிறத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. எள்ளாகச் சாப்பிடுவதானால் கறுப்புக்கு ஒரு நியாயம் உண்டு. ஆட்டுவதற்கு நன்றாக முற்றிய எந்த எள்ளும் சரி.

எள் வாங்கும்போது

திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. ரகங்கள், விருத்தாசலத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள், வெள்ளை எள்ளில் ஸ்ரீவில்லிபுத்தூரின் எஸ்.வி.பி.ஆர். 1 எனத் தமிழ்நாட்டில் புழக்கத்தில் உள்ளவை பல. ஈரோடு மாவட்டம் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போன்ற ஏலங்களில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று நிறம் பிரித்துத்தான் மூட்டை நிற்கும். ரகத்தின் பெயரைத் தேடி அலைவதைவிட மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மூட்டையின் நடுவில் கை விடுங்கள். குளிர்ச்சியாகவும் வழுக்கிக்கொண்டும் எள் நழுவ வேண்டும். கதகதப்பாக இருந்தாலோ, கையில் கட்டி கட்டியாக ஒட்டினாலோ ஈரம் இருக்கிறது, உள்ளே பூஞ்சை தொடங்கியிருக்கலாம். நாலு மணியை வெள்ளைத் தாளில் வைத்து நகத்தால் நசுக்குங்கள். உடனே கண்ணாடி போல எண்ணெய்த் தடம் விழுந்தால் முற்றிய எள். தாள் லேசாக நனைந்து மாவு மட்டும் ஒட்டினால் பிஞ்சில் பிடுங்கிக் காயவைத்தது. கொஞ்சம் வாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள். முதலில் தோலின் லேசான கசப்பு வரும், அது இயல்பு. கடைசியில் தொண்டையில் உறுத்தல் நின்றால் பழைய எள், அல்லது உடைந்த மணி அதிகம். உடைந்த மணியில் எண்ணெய் காற்றோடு கலந்து, ஆட்டுவதற்கு முன்பே கெடத் தொடங்கிவிடும். அந்தக் கெடுதலைச் செக்கில் யாராலும் சரிசெய்ய முடியாது.

பூஞ்சை பிடித்த எள்ளை வெயிலில் காயவைத்து ஆட்டிவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு வெயிலுக்கும் அடுப்புச் சூட்டுக்கும் முழுதாகப் போகாது. வடிகட்டாத எண்ணெயில் அது மண்டியோடு, அதாவது அடியில் தங்கும் கசடோடு, சேர்ந்து வந்துவிடும்.

சுத்தமும் காய்ச்சலும்

"எள்ளு காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?" என்ற பழமொழியைச் செக்குக்காரர்கள் சொல்லுக்குச் சொல் நம்பலாம். களத்தில் காய்ந்த எள்ளில் எலிப்புழுக்கையும் மண் உருண்டையும் எள் அளவிலேயே கிடக்கும், சல்லடையில் பிரியாது. ஆகவே மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும். பெரிய கண் சல்லடையில் காய்த்தோல், சருகு, பெரிய கல்லை எடுத்துவிடுங்கள். சின்னக் கண் சல்லடையில் தூசும் மணலும் கீழே இறங்கட்டும். கடைசியாக முறத்தில் போட்டுப் புடைத்து, கனமானது ஒரு பக்கமும் லேசானது ஒரு பக்கமும் ஒதுங்கும்போது கையால் பொறுக்குங்கள். மணல் மிச்சமிருந்தால் உலக்கையும் உரலும் தேயும், மரத்தூளோ கல்தூளோ எண்ணெயில் வரும்.

கழுவ வேண்டுமா? மண் அதிகமாக இருந்தால் கழுவித்தான் ஆக வேண்டும். தண்ணீரில் அலசி, அரித்து, அரை மணி நேரத்துக்குள் வடியவிட்டு அன்றே வெயிலில் பரப்பிவிடுங்கள். இரவு முழுதும் ஈரத்தில் கிடந்த எள்ளில் கொழுப்பை உடைக்கும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும், எண்ணெயில் புளிப்பு ஏறும்.

தார்ப்பாயில் அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மணிக்கொருமுறை கிளறி, ஒரு நல்ல வெயில் போதும். கழுவியதானால் இரண்டு வெயில். செக்குக்குப் போகும்போது எள்ளின் ஈரம் 5 முதல் 7 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளவு தெரிய வேண்டுமானால் 200 கிராம் எள்ளை ஓவனில் 105 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, ஆறியதும் நிறுத்துப் பாருங்கள். 188 கிராம் இருந்தால் 6 சதவீத ஈரம். ஓவன் இல்லாவிட்டால் பல்லில் கடித்துப் பார்க்கலாம். 'நறுக்' என்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது.

வெயிலிலிருந்து அள்ளிய எள்ளைச் சூட்டோடு மூட்டையில் கட்ட வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். நிழலில் ஆறவிட்டு, மறுநாள் ஆட்டுவது நல்லது.

செக்கைப் பற்றிச் சில வார்த்தைகள்

இப்போது ஓடுபவை பெரும்பாலும் மோட்டார் வைத்த மரச்செக்குகள். உரலுக்கும் உலக்கைக்கும் வாகை மரம் பெயர் பெற்றது. நிமிடத்துக்கு 10 முதல் 15 சுற்று என்ற மெதுவான ஓட்டம்தான் இதன் சிறப்பு. ஆட்டும்போது எள்ளின் சூடு 40 முதல் 50 டிகிரிக்குள் நிற்கும். இரும்புத் திருகால் நெருக்கிப் பிழியும் எக்ஸ்பெல்லர் இயந்திரத்தில் இது 100 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். கல் செக்கா, மரச் செக்கா, எது உசத்தி என்ற சண்டையில் இறங்க வேண்டியதில்லை. சூடு 50 டிகிரிக்குள் நிற்கிறதா, உரல் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. கைக்கு அடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சண்டை தானே ஓய்ந்துவிடும்.

புது மரச் செக்கு முதல் சில ஆட்டுகளில் எண்ணெயைக் குடிக்கும். அந்தக் குறைவைப் பார்த்து எள்ளைச் சந்தேகப்பட வேண்டாம். நிலக்கடலை ஆட்டிய உரலில் உடனே எள் ஆட்டினால் இரண்டும் கலந்துதான் வரும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தனி உரல் இல்லாவிட்டால் முதல் ஆட்டு நல்லெண்ணெயை விளக்குக்கு ஒதுக்குங்கள்.

செக்கின் கொள்ளளவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் எள் போட வேண்டும். 20 கிலோ செக்கில் 6 கிலோ எள்ளைக் கொண்டுபோய்க் கொட்டினால் உலக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது. எள் ஓரத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆட்டுதல்

10 கிலோ எள்ளுக்குக் கருப்பட்டி 600 கிராம் முதல் 1 கிலோ வரை, தண்ணீர் மொத்தமாக 400 முதல் 600 மில்லி. எள் நன்றாகக் காய்ந்திருந்தால் மேல் அளவு, லேசாக ஈரம் இருந்தால் கீழ் அளவு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

கருப்பட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைச் சுற்றிக் கதைகள் அதிகம். எள்ளின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளிகளாக, ஒவ்வொன்றும் புரத உறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. உலக்கை நசுக்குவது செல் சுவரை உடைக்கும். தண்ணீர் பட்டதும் மாவில் உள்ள புரதம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாவு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளும். கருப்பட்டி அந்த மாவுக்குப் பசை கொடுக்கிறது. உலக்கை வழுக்காமல் மாவை இழுத்து அழுத்துவதற்குப் பிடிமானம் கிடைக்கிறது. மற்றபடி சர்க்கரை எண்ணெயில் கரையாது. கருப்பட்டியின் இரும்புச் சத்தும் இனிப்பும் எண்ணெயில் இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. தெளியாத எண்ணெயில் இனிப்புத் தட்டினால், அது உள்ளே மிதக்கும் பாகு ஈரம். அதாவது, எண்ணெய் இன்னும் தயாராகவில்லை. இனிப்பெல்லாம் போய்ச் சேரும் இடம் பிண்ணாக்கு. மாடு அதை விரும்பித் தின்பது அதனால்தான். கருப்பட்டி கிடைக்காவிட்டால் வெல்லமும் இந்த வேலையைச் செய்யும். கருப்பட்டியை உடைக்கும்போது மணலும் சுண்ணாம்புத் துணுக்கும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 10 நிமிடம் எள்ளை உலர்ந்தபடியே ஓடவிடுங்கள். உலக்கையின் பாரம் குறைவாக இருக்கட்டும். எள் உடைந்து கொரகொரப்பான மாவாகும், கையில் எடுத்துப் பிடித்தால் உதிரும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டால் முழு எள் மணிகள் ஊறி வழுக்கிக்கொண்டு, கடைசி வரை உடையாமல் பிண்ணாக்கில் தங்கிவிடும்.

பத்தாவது நிமிடம் பாதித் தண்ணீரைக் கையால் தெளியுங்கள். ஒரே இடத்தில் ஊற்றாமல், உலக்கை சுற்றி வரும் பாதையெங்கும் விழ வேண்டும். 5 நிமிடம் கழித்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்த கருப்பட்டியில் பாதியைப் போடுங்கள். மாவு கறுத்து, ஈரமண் போலத் திரண்டு வரும். இப்போது ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரல் இடுக்கில் பளபளப்பு மட்டும் தெரிந்தால் மீதிக் கருப்பட்டியையும், மீதித் தண்ணீரில் பாதியையும் சேர்க்கலாம். கையைத் திறந்ததும் பிடி உடைந்து உதிர்ந்தால் தண்ணீர் இன்னும் போதவில்லை. பிடித்த பிடி அப்படியே நின்று, விரல் தடம் பதிந்து, ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் அதோடு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். அளவுக் குவளையில் 100 மில்லி மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். கை சொல்வதுதான் கணக்கு, குவளை சொல்வது இல்லை.

25 நிமிடம் வாக்கில் மாவு உரலின் சுவரில் அப்பிக்கொண்டு, நடுவில் குழி விழும். அந்தக் குழியில் எண்ணெய் தேங்கத் தொடங்கும். முதலில் கலங்கலாக, தேன் நிறத்தில் நுரையோடு வரும். இப்போது பாரத்தை ஏற்றுங்கள். சுவரில் இறுகிய மாவைக் கடப்பாரையால் பெயர்த்து, பெயர்த்து நடுவே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால் வெளிப்பக்கப் பிண்ணாக்கில் எண்ணெய் அப்படியே நிற்கும். கடப்பாரை பிடிக்கும்போது தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம். நிமிடத்துக்கு 12 சுற்றுதானே என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் மாட்டியதை அது விடாது.

45 முதல் 60 நிமிடத்தில் வேலை முடியும். பிண்ணாக்கு தகடு தகடாக, வளைத்தால் ஒடியும்படி வந்துவிட்டால் நிறுத்தலாம். அதற்கு மேல் அரை மணி ஓட்டினாலும் 100 மில்லி வந்தால் அதிகம். சூடுதான் ஏறும். செக்குப் பிண்ணாக்கில் 10 முதல் 15 சதவீதம் எண்ணெய் தங்குவது இயல்பு, அதைத் துரத்திப் போக வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு தப்பினால்

தண்ணீர் மிஞ்சிவிட்டால் மாவு குழைந்து, சாந்து போல உலக்கையைச் சுற்றிக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் புரதமும் கலந்து வெண்ணெய் மாதிரி நிற்கும், பிரியாது. மேலும் ஓட்டினால் இன்னும் மோசமாகும். செக்கை நிறுத்தி, ஆட்டாமல் ஒதுக்கி வைத்த உலர்ந்த எள் அரை கிலோவைத் தனியாகப் பொடித்துச் சேர்த்து, பாரத்தைக் குறைத்து 10 நிமிடம் ஓட்டுங்கள். எள் இல்லாவிட்டால் முந்தைய ஆட்டின் உலர்ந்த பிண்ணாக்குப் பொடி. பெரும்பாலும் மீண்டுவிடும், ஆனால் அந்த எண்ணெயில் மண்டி இரண்டு மடங்கு இருக்கும். இதற்காகவே 10 கிலோவில் அரை கிலோவை எப்போதும் கையிருப்பாக வைத்துவிட்டு ஆட்டத் தொடங்குவது விவரமான வழக்கம். கோளாறு வராவிட்டால் 20ஆவது நிமிடத்தில் அதையும் பொடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர் குறைந்தால் தூள் பறக்கும், உலக்கை கிறீச்சிடும், சூடு 55 டிகிரியைத் தாண்டும், கருகல் வாடை வரும். 50 மில்லி வெந்நீர் தெளித்து 5 நிமிடம் பார்க்கவும், பிறகு இன்னொரு 50 மில்லி. மார்கழி, தை மாதக் காலையில் எள்ளே குளிர்ந்து கிடப்பதாலும் எண்ணெய் இறங்கச் சுணங்கும். அப்போது தண்ணீரைக் கூட்டாமல், எள்ளை ஒரு மணி நேரம் வெயிலில் சூடுகாட்டிவிட்டு ஆட்டுங்கள்.

மண்டி பிரித்தல்

பலரும் கோட்டை விடும் இடம் இது. நன்றாக ஆட்டிய எண்ணெயை அன்றே பாட்டிலில் அடைத்து விற்பவர்கள், மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் குறை சொல்லும்போது எள்ளைப் பழிப்பார்கள். செக்கிலிருந்து இறங்கிய எண்ணெயில் எள் தூள், புரதம், சர்க்கரை கரைந்த நுண்ணிய நீர்த்துளி எல்லாம் மிதக்கின்றன. நீர்த்துளி இருக்கும் வரை கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகிக்கொண்டே இருக்கும், நுண்ணுயிர்களுக்கும் சர்க்கரையோடு சாப்பாடு கிடைக்கும். செசமினும் டோகோஃபெராலும் ஆக்ஸிஜனைத்தான் தடுக்கும். தண்ணீர் செய்யும் இந்தச் சிதைவைத் தடுக்க அவற்றால் முடியாது.

இறங்கியதும் எவர்சில்வர் வடிகட்டியில் ஊற்றி, வாய் அகன்ற எவர்சில்வர் அண்டாவில் பிடியுங்கள். செம்பு, ஈயம் பூசாத பித்தளை, இரும்பு எதுவும் கூடாது. அவற்றிலிருந்து கசியும் உலோகம் மிகச் சொற்ப அளவிலேயே எண்ணெய் காறுவதை வேகப்படுத்தும், செம்பு எல்லாவற்றிலும் மோசம்.

வெயிலில் வைப்பது வழக்கம். சூட்டில் எண்ணெயின் தடிப்புக் குறைந்து மண்டி வேகமாக இறங்கும், ஈரமும் ஆவியாகும். அதுவரை சரி. ஆனால் வெளிச்சம் எண்ணெய்க்கு எதிரி. எண்ணெயில் உள்ள சொற்பப் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி ஆக்ஸிஜனைக் கிளப்பிவிடும், டோகோஃபெரால் அதில் கரைந்துபோகும். வெள்ளை மஸ்லின் துணியை மட்டும் கட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தால் ஈரம் போகும், ஆன்டிஆக்ஸிடன்டும் கொஞ்சம் போகும். வாயில் இரண்டு மடிப்புக் கெட்டித் துணி கட்டுங்கள். ஆவி வெளியே போக வேண்டும், வெளிச்சம் உள்ளே வரக் கூடாது. காலை 10 முதல் மாலை 4 மணி வரை, இரண்டு நாள் போதும். மாலையில் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பகலில் போன ஈரம் திரும்பிவிடும். மழைக்காலத்தில் வெயிலே வேண்டாம். அண்டாவை வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்து, எண்ணெய் 50 முதல் 55 டிகிரியில் 2 மணி நேரம் திறந்து இருந்தாலே ஈரம் போய்விடும்.

பிறகு 4, 5 நாள் இருட்டில் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்த எண்ணெயை அண்டாவைச் சாய்க்காமல் குழாய் வைத்தோ, கரண்டியாலோ எடுத்து, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் வடியுங்கள். 4.5 லிட்டருக்கு 150 முதல் 300 மில்லி மண்டி நிற்கும். அதைத் தனிப் பாத்திரத்தில் மேலும் ஒரு வாரம் விட்டால் பாதி எண்ணெய் தெளியும். அது விளக்குக்கு.

ஈரம் போயிற்றா என்று பார்க்க ஒரு பருத்தித் திரி போதும். எண்ணெயில் நன்றாக நனைத்து ஏற்றுங்கள். சுடர் 'பட் பட்' என்று தெறித்தால் தண்ணீர் இருக்கிறது. இரும்புக் கரண்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடாக்கினாலும் அதே சத்தம் கேட்கும். சுடர் சத்தமில்லாமல் நின்று எரிந்தால் பாட்டிலில் அடைக்கலாம்.

வீட்டுச் சின்ன மெஷின்

சமையலறை மேடையில் வைக்கும் திருகு வகை எண்ணெய் மெஷினில் வேலை நேர் எதிர். இங்கே தண்ணீரும் கருப்பட்டியும் ஒரு துளி கூடக் கூடாது. திருகு எள்ளை ஒரு குழலுக்குள் தள்ளி நெருக்குகிறது. பசை ஏறினால் மாவு திருகோடு ஒட்டிச் சுற்றும், அடைத்துக்கொள்ளும். எள்ளின் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டினால் பிண்ணாக்கு பற்பசை போல வெளியே வரும், எண்ணெய் வராது. 4 சதவீதத்துக்குக் கீழே போனால் தூளாக வரும், குழல் சூடேறிக் கருகும், எண்ணெயில் பாதி மண்டியாக இருக்கும்.

மெஷினைச் சூடேற விட்டு, முதலில் ஒரு கைப்பிடி எள்ளை மட்டும் போட்டு ஓட்டி, அந்த எண்ணெயையும் பிண்ணாக்கையும் ஒதுக்கிவிடுங்கள். பிறகு 1 கிலோ எள்ளை ஒரே சீராக, குவித்துப் போடாமல் விடுங்கள். 380 முதல் 430 மில்லி வந்தால் மெஷின் நன்றாக ஓடுகிறது. பிண்ணாக்கை இரண்டாம் முறை போடுவதில் வரும் சொற்ப எண்ணெய்க்கு அடைப்பு எடுக்கும் வேலைதான் அதிகம். முடிந்ததும் சூடு ஆறுவதற்குள் திருகைக் கழற்றித் துலக்குங்கள், இறுகினால் உளி தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மெஷின்களில் பலவற்றில் குழலைச் சூடாக்கும் ஹீட்டர் உண்டு, அது 100 டிகிரிக்கு மேல் போகலாம். அட்டைப்பெட்டியில் 'கோல்டு பிரஸ்' என்று போட்டிருந்தாலும் வெப்பமானியை நம்புங்கள். அதற்காக அந்த எண்ணெய் கெட்டது என்று அர்த்தமில்லை. கொரிய, ஜப்பானியச் சமையலில் எள்ளைக் கறுக்க வறுத்தே எண்ணெய் எடுக்கிறார்கள், செசமோல் அதில் கூடுதலாகத்தான் இருக்கும். சுவையும் மணமும் வேறு, அவ்வளவே. ஆனால் ஹெக்சேன் போன்ற கரைப்பான் ஊற்றி எண்ணெய் எடுக்கும் முறையை வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது. அதன் ஆவி பூஜ்ஜியத்துக்கு 20 டிகிரி கீழேயும் தீப்பிடிக்கும்.

விற்பவர்களுக்கு ஒரு சோதனை

எண்ணெயின் புளிப்பை அளப்பது கடினமில்லை. 10 கிராம் எண்ணெயை, முன்பே நடுநிலையாக்கிய 50 மில்லி ஆல்கஹாலில் கலந்து சூடாக்கி, ஃபீனால்ஃப்தலீன் சில சொட்டு விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் மாறாமல் நின்றால் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 0.28 சதவீதம் தனிக் கொழுப்பு அமிலம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் இத்தகைய எண்ணெய்க்கு, புளிப்பைக் காட்டும் அமில எண் அதிகபட்சம் 4, காறலைக் காட்டும் பெராக்சைடு எண் அதிகபட்சம் 15. அமில எண் 4 என்பது இந்தச் சோதனையில் சுமார் 7 மில்லி. புது எண்ணெயிலேயே 5 மில்லி செலவானால் எள் பழையது, அல்லது நனைந்த எள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டால் சிவக்கும் போடோயின் சோதனையைக் காட்டிக் கலப்படமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது எள் எண்ணெய் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், வேறு எதுவும் கலக்கவில்லை என்று சொல்லாது. நெய்யில் வனஸ்பதி கலப்பதைப் பிடிப்பதற்காகவே, இந்தியாவில் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. 5 சதவீதமே அந்தச் சிவப்பைக் காட்டிவிடும் என்றால், மீதி 95 என்ன என்பதற்கு அந்தச் சோதனையில் எப்படி விடை கிடைக்கும்?

எடுத்து வைத்தல்

எவர்சில்வர் தூக்கு, இல்லையென்றால் அடர்நிறக் கண்ணாடிப் பாட்டில். கழுத்து வரை நிரப்புங்கள். பாதி காலியான பாட்டிலில் உள்ள காற்றே எண்ணெயைக் கெடுக்கப் போதும். 5 லிட்டரை ஒரே டின்னில் வைத்துத் தினம் திறப்பதைவிட, 1 லிட்டராகப் பிரித்து ஒவ்வொன்றாகத் திறப்பது மேல். பழைய எண்ணெயின் மிச்சத்தில் புது எண்ணெயை ஊற்றவே கூடாது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பழையது, தன் பெராக்சைடைப் புதியதற்குக் கைமாற்றிவிடும். எள் ஒவ்வாமை உள்ளவர்கள் செக்கு நல்லெண்ணெயைத் தொடக் கூடாது. சுத்திகரிக்காத எண்ணெயில் எள்ளின் புரதம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

பிண்ணாக்கை அன்றே உடைத்து வெயிலில் காயவையுங்கள். கருப்பட்டியும் ஈரமும் சேர்ந்த பிண்ணாக்கு, மூட்டையில் கட்டிய இரண்டாம் நாளே பூஞ்சை பூத்துவிடும். பூத்ததை மாட்டுக்குக் கொடுத்தால் அஃப்ளாடாக்ஸின் நஞ்சு பாலில் வரும். நன்றாகக் காய்ந்தது ஒரு மாதம் தாங்கும், ஊறவைத்துத் தீவனத்தில் கலக்கலாம்.